பூட்டிய மாலுக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

அந்தப் பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மாலின் முன்வாசலில், கண்ணாடிக் கதவுக்கு நேர் மேலே, ஒற்றைக் கண்ணால் கீழே பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பொருத்திய முதல் நாள் மெஷினக்கா ஏதோ வண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து, ஒட்டடைக் குச்சியை ஓங்கிவிட்டாள். மேனேஜர் மேல்மாடியிலிருந்து பதறி ஓடிவந்தார்.

"அக்கா, அதைத் தொடாதீங்க. அது ஆளை எண்ணற மெஷின். உள்ள ஒருத்தர் வந்தா ஒண்ணு ஏறும்."

"எதுக்கு சார் எண்ணணும்? வர்றவங்கதான் எல்லாரும் திரும்பிப் போயிடறாங்களே."

மேனேஜர் திரும்பி மாடிப்படி ஏறினார். அவருக்கும் அதே சந்தேகம் நெடுநாளாக இருந்திருக்க வேண்டும்.

மெஷினக்கா என்பது அவளுக்கு மாலில் வைத்த பெயர். தரை கழுவும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கீழ்த்தளம் முழுக்க ஓட்டிக் கழுவுவது அவள் வேலை. வண்டி ஓட்டுவதில் பெருமை இருந்தது என்றாலும் அவள் அந்த வேலைக்கு அடித்துப் பிடித்து வந்ததன் காரணம் வேறு. இடது முழங்கால். இருபது வருஷம் சிமெண்டுச் சட்டி சுமந்ததில் அது தேய்ந்து, நடந்தால் கதவுக் கீல் மாதிரிச் சத்தம் போடும். வண்டியில் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்கும்.

இந்த மால் வெறும் பள்ளமாக இருந்தபோதே அவள் இங்கே வந்துவிட்டாள். அதற்கு முன்னால் வேறு நான்கு ஊர்களில் நான்கு மால்கள். அவள் புருஷன் டைல்ஸ் ஒட்டுகிறவன். கம்பெனி எந்த ஊரில் பள்ளம் தோண்டினாலும் இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். கம்பெனிக்கு நாடு முழுக்கப் பதினான்கு மால்கள். பதினான்குக்கும் ஒரே வரைபடம். துறைமுக ஊரில் கழிவறைக்கு எந்தத் தூணைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புவோமோ, மலை ஊரிலும் அதே தூண், அதே பக்கம். நடுவில் அதே நீரூற்று, அதே கண்ணாடி லிஃப்ட். வெளியே மழையா வெயிலா பனியா என்று எட்டிப் பார்த்தால்தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது பிடிபடும்.

இதில் அடிபட்டவள் மகள். அவள் எட்டாம் வகுப்பை மட்டும் மூன்று ஊரில் படித்தாள். எந்தப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாலும் அங்கே அப்போதுதான் நதிகள் பாடம் நடந்துகொண்டிருக்கும். நதிகளை மூன்று தரம் படித்தாள். பின்னக் கணக்கை ஒரு தரமும் படிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகுதான், புருஷன் மட்டும் ஊர் ஊராகப் போகட்டும், நானும் இவளும் நகரமாட்டோம் என்று மெஷினக்கா கால் ஊன்றினாள். மகள் தொடர்ந்து இரண்டு வருஷம் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் நான்கு மாதத்தில் பொதுப் பரீட்சை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. அது வந்த ஒரு மாதத்தில், ஊழியர்கள் கைரேகை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டியலை ஒட்டினார்கள். பதினான்கு மால்களில் எதற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று வரிசையாக. முதலில் தலைநகர். அப்புறம் துறைமுக ஊர். மலை ஊர் நடுவில். கடைசிக்குக் கடைசியாக, பதினான்காவது இடத்தில் இந்த மால்.

மேனேஜர் எல்லோரையும் நீரூற்றுக்குப் பக்கத்தில் கூட்டினார். நல்ல மனிதர்; கெட்ட செய்தி சொல்லும்போது கழுத்து டையை உருவி உருவி விடுவார். அன்றைக்கு டை தொப்புள் வரைக்கும் நீண்டுவிட்டது.

"இன்னும் ரெண்டு மாசம் பாப்பாங்களாம். மூணாவது மாசமும் கடைசில இருக்கற மாலை மூடிட்டு சரக்குக் கிடங்கு ஆக்கிடுவாங்களாம். யாரும் பயப்படாதீங்க. வேலை போகாது. வேற ஊர் மாலுக்கு மாத்திடுவாங்க."

மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். மெஷினக்கா மட்டும் விரல் விட்டு எண்ணினாள். மூணாவது மாசம் முடிந்து அடுத்த மாசம் பரீட்சை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பரவாயில்லம்மா. போற ஊர்ல நதிகள் பாடம் நடத்திட்டிருப்பாங்க. எனக்கு அது மனப்பாடம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு இரண்டு தட்டைக் கழுவி வைத்துவிட்டு மெஷினக்கா திரும்பிப் பார்த்தபோது, புத்தகம் அதே பக்கத்தில்தான் திறந்திருந்தது.

மறுநாள் காலை, கடைகள் திறப்பதற்கு முன்னால், மேனேஜர் அறையைத் துடைக்கப் போனாள். மேசை மேலே கம்ப்யூட்டர் விழித்திருந்தது. நடுவில் பெரிதாக ஆறு என்ற எண். அறையின் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் முன்வாசல் தெரியும். அங்கே சல்யூட்டண்ணன் நின்றிருந்தார். வாசல் காவலர். யார் வந்தாலும் சல்யூட் வைப்பார். தண்ணீர் கேன் போடுகிறவனுக்கும் வைப்பார். கை வலித்தால் நாய்க்கு மட்டும் வைக்கமாட்டார்.

சல்யூட்டண்ணன் சிகரெட் பிடிக்க வெளியே போனார், உள்ளே வந்தார். எண் ஏழு ஆனது. எச்சில் துப்ப வெளியே போனார், வந்தார். எட்டு.

மெஷினக்கா கையிலிருந்த துணியை மேசையிலேயே வைத்துவிட்டு, நின்ற லிஃப்டைப் பார்க்காமல் படியிலேயே இறங்கி ஓடினாள். பாதியில்தான் முழங்கால் நினைவுக்கு வந்தது.

"சல்யூட்டண்ணே, இன்னொரு வாட்டி வெளிய போய்ட்டு வாங்க."

"எதுக்கு?"

"சும்மா போங்க. சிகரெட் பிடிங்க."

"இப்பதானம்மா பிடிச்சேன்."

"அப்ப இருமிட்டு வாங்க."

அவர் ஒன்றும் புரியாமல் வெளியே போய் கடமைக்கு இரண்டு இருமல் இருமிவிட்டு வந்தார். மெஷினக்கா அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையைத் தூக்கி அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் அதற்கும் ஒரு சல்யூட் வைத்தார்.

அன்றிலிருந்து தொடங்கியது நடை. மெஷினக்கா, சல்யூட்டண்ணன், பெருக்குகிறவர்கள் இரண்டு பேர், கழிவறைப் பெரியவர், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் என்று மொத்தம் ஆறு பேர். மேனேஜர் வருவதற்கு முன்னால் ஆளுக்கு நூறு நடை. வெளியே போய் உள்ளே வந்தால் ஒன்று. வண்டியிலேயே போய் வரலாமா என்று மெஷினக்கா பார்த்தாள். வாசற்படி விளிம்பில் சக்கரம் முட்டி நின்றுவிட்டது. வேறு வழியில்லை, காலால்தான் நடக்க வேண்டும்.

எண்ணிக்கை அவரவர் பொறுப்பு. அதுதான் வம்பு. மெஷினக்காவின் முழங்கால் முப்பதாவது நடையில் கத்தும். முப்பத்தைந்தில் அழும். அவள் பூந்தொட்டி மறைவில் போய் நின்று காலை நீவிவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நூறு" என்பாள்.

"அதுக்குள்ளயா?" என்பார் சல்யூட்டண்ணன்.

"எனக்கு வேகமான காலு."

ஒரு கள்ளத்தனத்துக்குள் இன்னொரு கள்ளத்தனமா என்று அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. மற்ற ஐந்து பேரும் தன் பங்குக்கும் சேர்த்து நடந்து தேய்கிறார்களே என்று பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்துக்காகவே சில நாள் நாற்பது நடந்தாள்.

புருஷன் அப்போது வெயில் ஊரில் இருந்தான். இப்போதெல்லாம் அவனுக்குப் புது மால் வேலை இல்லை. பழைய மால்களில் விரிசல் விட்ட டைல்ஸைப் பெயர்த்து வேறு ஒட்டும் வேலை. ஊருக்குப் பத்து நாள். போனில் பேசும்போது அவளால் அடக்க முடியவில்லை. முழுக் கதையையும் சொல்லி, கடைசியில் மிரட்டினாள்.

"இங்க பாருங்க, இது நமக்குள்ள இருக்கணும். அந்த ஓட்டைவாயை வெச்சுட்டு எங்கயும் உளறிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

மகள் வயிற்றில் இருக்கும்போதும் இதையேதான் சொன்னான். அன்று சாயங்காலம் பேருந்து கண்டக்டர் அவளுக்கு எழுந்து இடம் கொடுத்தார்.

இரண்டாவது மாதப் பட்டியல் வந்த அன்று ஆறு பேரும் மேனேஜருக்கு முன்னால் போய் நின்றார்கள். அவர்கள் மால் எண்ணிக்கை நன்றாகவே ஏறியிருந்தது. இடம் மட்டும் பதினான்கு. ஏனென்றால் மற்ற பதின்மூன்றும் ஏறியிருந்தன. சிலது சும்மா ஏறவில்லை, கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியிருந்தது. தலைநகரில் இரண்டு மடங்கு.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வாழ்த்துக் கடிதத்தை மேனேஜர் நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்று படித்தார். நாட்டு மக்கள் மால்களை நோக்கித் திரண்டு வருகிறார்கள் என்று எழுதியிருந்தது. அவர் படித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்த செருப்புக் கடைக்காரர், கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இத்தனை பேர் வந்தாங்களாமே சார். ஒருத்தனுக்கும் காலு இல்லையா?"

அன்று வீட்டுக்குப் போனதும் மெஷினக்கா போனை எடுத்தாள்.

"உண்மைய சொல்லுங்க. யார்கிட்ட சொன்னீங்க?"

எதிர்முனையில் டைல்ஸ் தட்டும் சத்தம் நின்றது.

"வெயில் ஊர்ல வாட்ச்மேன் நல்ல மனுஷன். மனசு கஷ்டமா இருக்குன்னான். அவனுக்கு மட்டும் சொன்னேன்."

"அப்புறம்?"

"துறைமுக ஊர்ல ஒரு கேன்டீன் அம்மா. எனக்கு ரெண்டாவது டீ சும்மாவே குடுத்தாங்க."

"அப்புறம்?"

"தலைநகர்ல யாருக்குமே தெரியாம இருந்துச்சு. பாவமா இருந்துச்சு."

"மிச்சம் பத்து ஊருக்கு?"

"அது நான் இல்ல. சத்தியமா. அவங்களுக்குள்ள போன் பண்ணியிருப்பாங்க."

மெஷினக்கா போனை மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கிக் காதில் வைத்து, "அப்பா, அடுத்த ஊர்ல நமக்கு வீடு பாத்துடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே பாருங்க. நதிக்குப் பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மூன்றாவது மாதம். நடையை ஆளுக்கு இருநூறாக ஏற்ற வேண்டும் என்று சல்யூட்டண்ணன் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மெஷினக்காவும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு அதே முப்பத்தைந்து நடந்தாள். இதற்கு மேல் முழங்காலிடம் கெஞ்ச முடியாது. படுத்தால் வீங்கியது, உட்கார்ந்தால் பிடித்துக்கொண்டது. மகளுக்காக நடக்கிறோம் என்று நினைத்து ஒரு நாள் பல்லைக் கடித்து அறுபது நடந்து பார்த்தாள். அடுத்த நாள் வண்டியிலேயே ஏற முடியவில்லை. விடு, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஓர் அறிவிப்பு வந்தது. புதன்கிழமை தீயணைப்புப் பரிசோதனை. நாடு முழுக்கப் பதினான்கு மால்களுக்கும் விடுமுறை. துப்புரவு ஊழியரும் காவலரும் மட்டும் வர வேண்டும். மேனேஜர்கூட வரவில்லை.

புதன்கிழமை காலை வெளி கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பின்பக்க வழியாக வந்த ஆறு பேரும் இருட்டிக் கிடந்த மாலின் நடுவில் கூடினார்கள். நீரூற்று நின்றுபோய்ப் பாசி வாசம் வந்தது. அப்போது சல்யூட்டண்ணனுக்கு அந்த யோசனை உதித்தது. தன் வாழ்நாளில் இத்தனை நல்ல யோசனை வந்ததில்லை என்பதுபோல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நல்லாக் கேளுங்க. இன்னிக்கு லீவு. மத்த பதிமூணு ஊர்லயும் கால நீட்டிப் படுத்திருப்பாங்க. நாம மட்டும் நடந்தோம்னா, ஒரே நாள்ல அவங்களத் தாண்டிடலாம்."

எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. மெஷினக்காவுக்கும் பட்டது. பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குள் யார் வந்திருக்க முடியும் என்று ஆறு தலைகளில் ஒன்றுகூட யோசிக்கவில்லை. மாசம் முழுக்க நடந்து நடந்து, அந்தப் பெட்டி என்பது ஆட்கள் நடந்தால் ஏறுகிற ஒரு எண் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் அவர்களுக்குத் தெரியாமல் போயிருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து, பூட்டிய கேட் வரைக்கும் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, சாவகாசமாகக் கதை பேசிக்கொண்டே நடந்தார்கள்.

"எத்தனை அக்கா?"

"இருநூறு. உங்களுக்கு?"

"இருநூறுக்கு மேலயே."

அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் கனத்த பை, காலில் கணுக்கால் வீக்கம். வந்ததும் மேனேஜர் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, புதன்கிழமை வேலைக்கு வந்த ஆறு பேரையும் வரச் சொன்னார். மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவர்தான் எல்லோரையும்விட அதிகமாக வியர்த்தார்.

"புதன்கிழமை மால் பூட்டியிருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "ஆனா ஆளுங்க உள்ள வந்திருக்கறதா மெஷின் சொல்லுது. யாரு வந்தா?"

மெஷினக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, பூட்டியிருந்ததே. சல்யூட்டண்ணன் ஒரு சல்யூட் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"பூனை, மேடம்."

"பூனையா? எத்தனை?"

"ஒண்ணுதான் மேடம். ஆனா சுறுசுறுப்பு."

"சரி. தலைநகர்ல புறான்னாங்க. துறைமுக ஊர்ல காத்துன்னாங்க. மலை ஊர்ல பனி உள்ள வந்துடுச்சுன்னு சொன்னாங்க. நீங்க பூனை." அந்த அம்மா ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். "ஆக உங்க பூனை இருநூத்துப் பன்னண்டு தடவை வந்திருக்கு."

"இருநூத்துப் பன்னண்டா?" சல்யூட்டண்ணன் முகம் மாறிவிட்டது. "அது எப்படி மேடம்? ஆயிரத்து இருநூறுக்குக் குறையாம இருக்கணுமே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. ஆனால் அதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது. மேடத்தை மறந்து திரும்பினார்.

"மெஷினக்கா, நீ எத்தனை நடந்த?"

"இருநூறு."

"பெரியவரே, நீங்க?"

கழிவறைப் பெரியவர் மேற்கூரையைப் பார்த்தார். "எனக்கு எண்ண வராதுப்பா. ஒரு குத்துமதிப்பா."

"நீங்க எத்தனை அண்ணே?" என்றாள் மெஷினக்கா. "ஒவ்வொரு வாட்டியும் நின்னு சல்யூட் அடிச்சுட்டுத்தானே வந்தீங்க. இருபது தாண்டியிருக்குமா?"

"நான் காவல்காரன். மேற்பார்வை பாக்கறவன்."

அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நல்ல நாடகம் பார்க்கிறவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு ஓய்ந்து, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து அடங்கியபோது, மேனேஜர் டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். முழுதாகவே உருவி விட்டிருந்தார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மெஷினக்கா முன்னால் வந்தாள்.

"மேடம், இதை ஆரம்பிச்சது நான்தான். இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. மூடறதா இருந்தா மூடிக்கோங்க. எந்த ஊருக்கு மாத்தினாலும் போறேன். ஒரே ஒரு மாசம் தள்ளி மாத்துங்க. பொண்ணு பத்தாவது. பரீட்சை எழுதி முடிச்சிடட்டும். இங்க வர்றதுக்கு முன்னாடி அது ஒரு வகுப்பையும் ஒழுங்கா ஒரே இடத்துல படிச்சதில்ல."

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"முட்டி வலியா?"

"ஆமா மேடம்."

"உண்மையா எத்தனை நடப்பீங்க?"

"முப்பத்தஞ்சு."

"அடிப்பாவி" என்றார் சல்யூட்டண்ணன், சத்தமில்லாமல்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு நீளமான காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"தீயணைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூட்டின மாலுக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு பாக்கத்தான் நான் பூட்டச் சொன்னேன். பதினாலு ஊர்லயும் ஆள் வந்திருக்கு. எல்லா ஊர்லயும் ஒரே பேச்சுதான். மத்தவங்க இன்னிக்குப் படுத்திருப்பாங்க, நாம நடந்தா முந்திடலாம்."

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"பூட்டின நாள்ல எத்தனை வந்துச்சோ, அத்தனையும் பொய். தினமும் அதே அளவு பொய்னு வெச்சு, மாசக் கணக்குலேர்ந்து கழிச்சேன். மிச்சம் இருக்கறதுதான் நிஜ ஆளு. துறைமுக ஊர்ல ஒரே நாள்ல ரெண்டாயிரம் நடந்திருக்காங்க. மலை ஊர்ல அந்தக் குளிர்லயும் ஆயிரத்து முந்நூறு. வெயில் ஊர்ல ஷிப்டு போட்டு நடந்திருக்காங்க. உங்களது இருநூத்துப் பன்னண்டு. நாட்டுலயே கம்மியான பொய் உங்களதுதான்." காகிதத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "அதனால கழிச்சுப் பாத்தா நீங்க ஒன்பதாவது."

மெஷினக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மகளைப்போலவே அவளுக்கும் பின்னக் கணக்கு வராது; ஆனால் கழித்தல் வரும். எல்லோரும் தன் முழங்காலைப் பார்ப்பதுபோல் அவளுக்கு இருந்தது. அவளும் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"அப்ப கடைசி யாரு மேடம்?" என்றார் மேனேஜர். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"தலைநகர். ஒரு நாள்ல நாலாயிரத்து எண்ணூறு. கழிச்சா ஒண்ணுமே மிஞ்சல."

"அதை மூடிடுவாங்களா?"

"அந்தக் கட்டடத்தோட மேல்மாடிலதான் தலைமை அலுவலகம் இருக்கு. அதை மூடினா நாங்க எங்க போய் உக்காரறது?" அந்த அம்மா காகிதத்தை நான்காக மடித்தார். மடித்ததைத் திரும்பவும் மடித்தார். "இதை மேல குடுத்தா, இந்தப் பெட்டிய வாங்கச் சொன்னவரும் மாட்டுவாரு. வாழ்த்துக் கடிதம் எழுதினவரும் மாட்டுவாரு. ரெண்டு பேரும் ஒரே ஆளு. எனக்கும் அவருதான் மேலதிகாரி."

பை மூடும் சத்தம் கேட்டது. மெஷினக்கா மேசை ஓரத்துக்கு வந்தாள்.

"அப்ப எங்க மாலு, மேடம்?"

"பெட்டி எல்லா ஊர்லயும் பழுது. பழுதான பெட்டிய வெச்சு யாரையும் மூட முடியாதுன்னு எழுதிடுவேன்." செருப்பில் காலை நுழைக்கக் குனிந்தவர், வலியில் முனகினார். "உங்க பொண்ணை நல்லா எழுதச் சொல்லுங்க."

அந்த அம்மா வாசலைத் தாண்டிப் போன பிறகு, குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். எடுத்துக்கொண்டு போனவர், தண்ணீர் பாட்டிலுக்காக இன்னொரு தரம் வந்தார். மெஷினக்கா மேனேஜர் அறையில் நின்றபடி திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒன்று ஏறியது. சல்யூட்டண்ணன் கீழே ஒவ்வொரு தடவையும் சல்யூட் வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் பட்டியல் வரவில்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நிலைச் சட்டத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். மகள் அதே பள்ளியில், அதே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். ஏழு நாள் எழுதினாள். கடைசிப் பரீட்சை முடிந்து வந்து, பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு, "சமூக அறிவியல்ல நதிகள்லேர்ந்து ஒரு கேள்விகூட வரலம்மா" என்றாள். மெஷினக்கா சிரித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே புருஷன் போன் செய்தான். இப்போது துறைமுக ஊரில் இருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். அவன் குரலைத் தாழ்த்தினாலே ஏதோ வில்லங்கம்.

"இங்க கழிவறை வாசல்ல புதுசா ஒரு பலகை மாட்டியிருக்காங்க. சிரிக்கற மூஞ்சி ஒண்ணு, உம்முன்னு ஒண்ணு, அழற மூஞ்சி ஒண்ணு. வர்றவங்க எதை அமுத்தறாங்களோ அதை எண்ணுமாம். எந்த மாலுல சிரிப்பு கம்மியோ, அதைக் கவனிக்கப் போறாங்களாம். உங்க ஊருக்கு அடுத்த வாரம் வருது."

"ஓகோ."

"இந்தத் தடவை நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். நம்ம பொண்ணு மேல சத்தியம்."

மெஷினக்கா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மகள் தைலப் புட்டியை எடுத்துவந்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள் மெஷினக்கா.

"என்னது?"

"சொல்லுங்கங்கறேன். ஒரு ஊரு விடாம சொல்லுங்க. தலைநகர்ல ரெண்டு வாட்டி சொல்லுங்க. விரல் தேயத் தேய சிரிப்பையே அமுத்தச் சொல்லுங்க."

"அப்ப நீ?"

"நானும் அமுத்துவேன்" என்றாள். தைலத்தைத் தொட்டு எடுத்தாள். முழங்காலில் தடவவில்லை, வலது கட்டைவிரலில் தடவி மெல்ல நீவினாள். "ஆனா பாருங்க, எனக்கு ஒரு வாரமா கட்டைவிரல்ல ஒரே வலி."